எனதுமானி

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் செண்பகவல்லியைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால், அவர் அன்றைக்குக் காலையில்தான் ஊருக்கு வந்து இறங்கியிருக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாத பஸ்கள் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. வந்த புதிதில் கண்டக்டர்களையும் சேர்த்தே வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினோரு மாசம்கூடத் தாங்கவில்லை. பஸ் தானாக ஓடியது, தானாக நின்றது, தானாகவே சீட்டும் கிழித்துக் கொடுத்தது. ஆனால் 'உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க' என்று அதட்ட ஆள் இல்லாமல் படிக்கட்டுச் சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போனது. துறை வாயை மூடிக்கொண்டு எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டது. முதலில் கூப்பிட்டது செண்பகவல்லியை.

அன்றைக்கு அவள் காக்கியில் இல்லை. மஞ்சளில் ஒரு பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, திருநெல்வேலி பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருந்தாள். டியூட்டியில் இருந்த கண்டக்டர் பாண்டி பக்கத்தில் வந்து நின்றான்.

"என்னக்கா, கல்யாண வீடா?"

"கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. கேஸு. இன்னைக்கு எனதுமானி வைக்காக. வச்சா முடிஞ்சுது. உலகம்மை எனக்குத்தான்னு சாயங்காலம் எழுதிக் குடுத்துருவாக."

"அவ்வளவு உறுதியாவா சொல்லுதீக?"

"ஒம்பது வருஷம் சோறூட்டி வளத்தவ சொல்லாம, பின்ன வேற எவ சொல்லுவா?"

பாண்டி சிரித்துக்கொண்டு நகர்ந்தான். செண்பகவல்லிக்குத் தொண்டையே அப்படி. நாற்பத்தாறு வயசிலும் அவள் ரகசியம் பேசினால் பின் சீட்டு வரைக்கும் கேட்கும். கேஸ் போட்டவளும் அவள்தான். எதிராளி வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தங்கை கோமதி. பத்து வயசு இளையவள்.

எனதுமானி என்பது ஊர் வைத்த பேர். அரசாங்கம் வைத்த பேர் நாலு வரி நீளம், அதை வக்கீல்களே பாதியில் விட்டுவிடுவார்கள். அது வந்து ஆறு வருஷம். சொத்துப் பிரிப்பதாக இருக்கட்டும், புருஷன் பெண்டாட்டி பிரிவதாக இருக்கட்டும், பிள்ளை யாரிடம் வளர்வது என்பதாக இருக்கட்டும், 'என்னுடையது' என்று யார் மனசார நினைக்கிறார்கள் என்பதை அளந்து சொல்லிவிடும். தாத்தா காலத்து வழக்குகள் ஒரே மத்தியானத்தில் முடிந்தன. நாட்டுக்கே பெருமை என்றார்கள்.

முடிந்தது என்னவோ உண்மைதான். ஆனால் வீடுகளுக்குள் வேறொன்று தொடங்கியது. 'நம்ம வீடு' என்று மறந்தும் சொல்லாதீர்கள், சொல்லிப் பழகினால் அங்கே போய் நாக்கு வழுக்கிவிடும் என்று வக்கீல்கள் எச்சரித்தார்கள். அண்ணன் தம்பிமார் காலையில் பல்லைத் தேய்த்துக்கொண்டே 'என் வீடு, என் கிணறு, என் தென்னை' என்று முணுமுணுத்தபடி தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். முப்பது நாளில் உரிமையுடன் பேசக் கற்றுத் தருகிறோம் என்று பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. நாள் முழுக்க நாலு ஜனங்களின் பேச்சைக் கேட்கிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா? முன்பெல்லாம் "நம்ம ஊரு வந்துட்டாம்மா?" என்று கேட்ட ஜனங்கள், இப்போது "என் ஸ்டாப் வந்துட்டா?" என்று கேட்டார்கள். செண்பகவல்லிக்கு அது எரிச்சலாக வரும். ஆனாலும் கேஸ் என்று வந்தபோது அவளும் அந்த மெஷினைத்தான் நம்பினாள்.

திருநெல்வேலி சமரச மையத்தில் மெஷினைக் கவனித்துக்கொண்டவர் எபனேசர். முப்பது வயசு இருக்கும், பேச்சில் பிரியம் உள்ள மனிதர். மெல்லிய பட்டை ஒன்றை அவள் தலையில் கட்டி, எதிரே மைக்கை வைத்தார்.

"பயப்படாதீங்கக்கா. பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷின் இல்ல இது. நீங்க பாட்டுக்குப் பேசுங்க. என், எங்க, நம்ம, உன், அவளோட... இந்த மாதிரி ஒரு சொல் வரும்போது தலைக்குள்ள ஒரு இடம் மினுங்கும். எவ்வளவு மினுங்குதுங்கிறதுதான் கணக்கு."

"நான் நாள் பூரா என் வண்டி, என் வண்டின்னு சொல்லுதேன் தம்பி. அப்ப அரசாங்க பஸ்ஸ எனக்கு எழுதிக் குடுத்துருமா?"

எபனேசர் சத்தம் போட்டுச் சிரித்தார். "அங்கதான் விஷயமே இருக்கு. என் வண்டி, என் தலைவலி, என் எதிரி, எல்லாத்துக்கும் ஒரே 'என்'தான். நாம வச்சிருக்கதுக்கும் அதேதான், நம்மளை வச்சு ஆட்டுறதுக்கும் அதேதான். வெறும் சொல்லைக் கேட்டா எது எதுன்னு பிரிக்க முடியாது. மூளை பிரிச்சுக் காட்டிரும். பஸ்ஸுக்கு ஒரு பொட்டு வெளிச்சம்தான் வரும், பயப்படாதீங்க."

"கெட்டிக்கார மெஷின்தான்."

"முதல்ல வந்தது மகா மக்கு. வெளியூர்க்காரன் பண்ணுனது. ஒரு அம்மா 'எங்க வீட்டுக்காரர்'னு ஆரம்பிச்சதும், இந்த ஆளுக்கு மொத்தம் எத்தனை பொண்டாட்டின்னு கேட்டுருச்சு. ஒத்தைப் பிள்ளை 'எங்க அம்மா'ன்னு சொன்னா, கூடப்பொறந்ததுக எங்கேன்னு தேடுச்சு. ஒத்த ஆளு அப்பாவைப் பத்திச் சொன்னாலும் 'எங்க'ன்னு சொல்றதுதான் நமக்கு வழக்கம்னு புரியவைக்க ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப நம்ம பாஷைய நம்மளவிட நல்லாப் புரிஞ்சிக்குது."

செண்பகவல்லியும் சிரித்தாள். பிறகு, ஏதோ சும்மா கேட்பதைப் போல ஒன்று கேட்டாள். "சொல்லாம, மனசுக்குள்ளயே நெனச்சா?"

"நெனப்பு ஆயிரம் வரும், போகும்க்கா. வாய் விட்டுச் சொன்னாத்தான் இது பிடிக்கும். சட்டமும் அப்படித்தான் எழுதியிருக்கு. சொல்லாததைக் கணக்குல எடுக்க முடியாது."

அவள் தலையாட்டிக்கொண்டாள்.

பிறகு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், மழை விட்டாலும் தூவானம் விடாத பேச்சு. என் பிள்ளை முதல்முதல் நின்றது, என் பிள்ளைக்குக் கத்தரிக்காய் ஆகாது, என் பொண்ணு மூணாம் வகுப்பில் மேடையேறிப் பேசியது, எங்க வீட்டு மாடியில் அவள் வளர்க்கிற ஓணான். ஒரு மணி நேரம் கழித்து எபனேசர் திரையைத் திருப்பிக் காட்டினார். இருட்டுத் திரை முழுக்க வெளிச்சப் புள்ளிகள். "'என் பிள்ளை' வர்ற இடமெல்லாம் பாருங்கக்கா, கண்ணு கூசுது. இதுக்கு மேல ஒருத்தர் வாங்க முடியாது" என்றார்.

அடுத்து கோமதி. ஒருவர் பேசும்போது மற்றவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கலாம் என்பது விதி. செண்பகவல்லி உட்கார்ந்தாள்.

கோமதி ஆழ்கடல் சுரங்கக் கப்பலில் என்ஜினீயர். எட்டு மாசக் கைக்குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுக் கப்பலேறியவள், எட்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து போன தை மாசம்தான் திரும்பினாள். இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வாடகைக்கு ஒரு வீடு. பிள்ளையைத் தன்னோடு அழைத்துப் போகிறேன் என்றாள். அக்கா முடியாது என்றாள். அவ்வளவுதான் கதை.

பட்டையைக் கட்டியதும் கோமதி நிதானமாகப் பேசினாள். என் கேபின், எங்க கேப்டன், என் பழைய பூட்ஸ் என்று அங்கங்கே புள்ளி மினுங்கியது. பிள்ளையைப் பற்றியும் பேசினாள். எப்படிப் பேசினாள்? பாப்பா என்றாள், உலகம்மை என்றாள், அவ என்றாள். கப்பலிலிருந்து வாரம் தவறாமல் வீடியோவில் பார்த்ததையும், பிள்ளை பல் விழுந்த இடத்தைத் திறந்து காட்டியதையும் சொன்னாள். ஒரு இடத்தில்கூட 'என்' வரவில்லை.

எபனேசர் கடைசியாக எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன வேணும்?"

கோமதி மேஜையில் இருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அக்கா பிள்ளை" என்றாள்.

எபனேசர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "பெத்தவங்க ஒருத்தர்கூட இதுவரைக்கும் சைபர் வாங்குனதில்லக்கா. இதான் முதல் தடவை. இனி என்ன, மூணு மணிக்கு நடுவர் கையெழுத்துப் போட்டா பிள்ளை உங்களுக்கு" என்றார்.

செண்பகவல்லி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. கோமதி ஏன் சைபர் வாங்கினாள் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். கேஸ் போடும்போதும் தெரியும். தெரிந்துதான் போட்டாள். அதை அவள் தனக்குத்தானேகூட இதுவரைக்கும் ஒப்புக்கொண்டதில்லை.

விஷயம் இதுதான். கோமதிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பதினாறாம் நாள், இன்னொன்று நாற்பதாம் நாள். டாக்டர்கள் ஜீன் என்றார்கள், குறைபாடு என்றார்கள், ஊசிமேல் ஊசி போட்டார்கள். இரண்டாவது போன சில மாசத்தில் அவள் புருஷனும் கைகழுவிக்கொண்டு விருதுநகர்ப் பக்கம் போய்விட்டான். வயிற்றில் மூன்றாவது இருப்பது அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. அந்த மூன்றாவதுதான் உலகம்மை. பிறந்த மூன்றாம் நாள், ஆஸ்பத்திரி வாசலிலேயே, செண்பகவல்லி ஒரு முறத்தில் பிள்ளையைக் கிடத்தச் சொன்னாள். ஒரு கைத் தவிட்டைத் தங்கையின் மடியில் போட்டாள். "தவிட்டுக்கு வாங்கிட்டேன். இது என் பிள்ளை. உனக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்று உரக்கச் சொன்னாள். பறிகொடுத்த வீடுகளில் நம் பக்கம் காலங்காலமாகச் செய்வதுதான். பெற்றவளுடையது என்று தெரிந்தால்தானே எமன் எடுப்பான், இது வேறொருத்தி பிள்ளை என்று அவனை ஏமாற்றி அனுப்புகிற தந்திரம்.

செண்பகவல்லி அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இந்தப் பிள்ளை ஆளாகிற வரைக்கும் இதைப் பாத்து 'என்'னு ஒரு சொல் உன் வாயில வரக்கூடாது. தனியா இருக்கும்போதுகூட வரக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள். பச்சை உடம்புக்காரி பண்ணினாள். அன்றிலிருந்து பிள்ளைக்குச் செண்பகவல்லி அம்மா, கோமதி சித்தி. நடுக்கடலில் இருந்து பேசும்போதும் கோமதி "உன் பிள்ளை சாப்பிட்டாளாக்கா?" என்றுதான் கேட்பாள். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை தவறியதில்லை.

அந்தச் சத்தியத்தை வைத்துத்தான் இப்போது அக்கா ஜெயிக்கப் போகிறாள். வாயை மூடிக்கொண்டு மூணு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம்.

கேன்டீனில் கோமதி தனியாக உட்கார்ந்து தயிர்சாதத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கேஸ் போட்டவளுக்கு நாற்காலி போடுகிறாளே என்று செண்பகவல்லிக்கு ஆத்திரமாக வந்தது.

"ஏட்டி, ஒனக்கு மூளை கீளை இருக்கா? உள்ள போயி ஒரே ஒரு தடவை சொல்லித் தொலைச்சா என்ன?"

"சத்தியம் பண்ணியிருக்கேம்லா."

"பெரிய படிப்புப் படிச்சவ. கடலுக்கு அடியில ஓட்டை போடுத. தவிட்டையும் முறத்தையும் நம்புதியா நீ?"

"நம்பல" என்றாள் கோமதி. "பிள்ளை தங்குனது அந்த ஊசியிலன்னு எனக்குத் தெரியும். ஆனா சோதிச்சுப் பாக்க மாட்டேன். ரெண்ட வாரிக் குடுத்தவக்கா நான். நான் ஒரு சொல்லச் சொல்லி, நாளைக்கு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட என்னால தாங்க முடியாது."

"கேஸு தோத்துருவியேட்டி!"

"தோத்தா என்ன, அவ ஒங்கிட்ட நல்லா இருப்பா. எனக்கு அது போதும்" என்றாள். அதற்குமேல் முடியவில்லை. தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

செண்பகவல்லி அங்கே உட்காரவில்லை. விடுவிடுவென்று ரோட்டுக்கு வந்துவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. தனக்குள்ளேயே பேசிக்கொண்டாள். நான் என்ன திருடினேனா? காய்ச்சலுக்கு விழித்தது நான், பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான், புருஷனைப் பறிகொடுத்த வருஷத்திலும் பிள்ளைக்கு ஒரு குறை வைக்காதவள் நான். மெஷின் பொய்யா சொன்னது? இல்லை. ஆனால் அவள் வாயைக் கட்டிவிட்டு நான் பேசியிருக்கிறேனே. படிக்கட்டில் ஏற விடாமல் ஒருத்தியைக் கீழேயே நிறுத்திவிட்டு, உள்ளே இடம் காலி என்று நானே உட்கார்ந்துகொண்ட மாதிரி அல்லவா இருக்கிறது. இருபது வருஷ சர்வீஸில் எத்தனை பேரை இதற்காக எழுப்பி விட்டிருக்கிறேன்! இப்படி நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

எதிரே மாட்டுத் தீவனக் கடை. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று கேட்ட பிறகுதான் ரோட்டைத் தாண்டினாள்.

"ஒரு கைத் தவிடு."

"ஒரு கையா? ஒரு கையில கோழிகூடத் திங்காதே!"

"திங்கதுக்கு இல்லண்ணாச்சி" என்று முந்தானையை விரித்தாள்.

மையத்துக்குள் அவள் நுழைந்த வேகத்தில் எபனேசர் எழுந்து நின்றுவிட்டார். "தம்பி, இவளை மறுபடியும் அந்த மெஷின்ல உக்கார வைக்கணும்."

"ரிப்போர்ட் முடிஞ்சுதேக்கா. நீங்க ஜெயிச்சாச்சு. ஜெயிச்ச கட்சி மறு அளவு கேட்டு நான் பாத்ததே இல்ல."

"கேக்கலாமா, கூடாதா?"

"சட்டப்படி யாரும் கேக்கலாம்."

"அப்ப கேக்கேன். எழுதிக்கோங்க."

கோமதிக்கு முந்தானையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். "வேண்டாம்க்கா. சொன்னா நீ தோத்துருவ."

"வாய மூடு. நீ வாயக் கட்டிக்கிட்டு நான் ஜெயிக்கதுக்கு எனக்கு மெஷின் எதுக்கு? கைய நீட்டு." தவிட்டைத் தங்கையின் கையில் கொட்டினாள். "இப்ப அதை என் மடியில போடு. போடுட்டி!"

கோமதி போட்ட அவசரத்தில் பாதித் தவிடு தரையில் சிந்தியது. மீதி அக்காவின் மடியில் விழுந்தது. வாங்கினவள் தவிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டால் பிள்ளை பெற்றவளுக்குத் திரும்பிவிடும், அதுதான் முறை. அதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் அறுபது பேரை ஒரே அதட்டில் அடக்குகிற தொண்டை அவளுடையது. ஆனாலும் இரண்டு தடவை செருமினாள்.

"தவிட்டுக்கு வாங்குனேன். தவிட்டுக்கே திருப்பிட்டேன். இனிமே அது உன் பிள்ளை. சத்தியமும் தீந்துச்சு" என்றாள். சொல்லி முடித்ததும் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

எபனேசருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பேசாமல் கோமதியின் தலையில் பட்டையைக் கட்டினார். "அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன வேணும்?"

"எ..." என்றாள் கோமதி. நின்றது. மறுபடியும் முயன்றாள். ஒன்பது வருஷமாகப் பூட்டி வைத்த சொல், லேசில் வருமா? மூன்றாவது தடவை வந்தது. "என் பொண்ணு."

எபனேசர் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு கோமதியை நிறுத்த முடியவில்லை. என் பொண்ணுக்கு இடது காதுக்குப் பின்னால் மச்சம், என் பொண்ணு சிரிச்சா ஒரு கண்ணு சின்னதாகும், என் தங்கம், என் உசுரு என்று அழுகையும் சிரிப்புமாகக் கொட்டினாள். கொட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். ஆபீஸ் அம்மாள் போய்ப் பிள்ளையைக் கூட்டிவர ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செண்பகவல்லி? தவிட்டை நம்பினவள் அவளல்லவா, அவள் மூச்சே விடவில்லை.

"என்ன சித்தி? கணக்குப் பரீட்சை நடக்கு" என்றது போனில் குரல்.

"நல்லா இருக்கியா பாப்பா?"

"கணக்குப் பரீட்சை எழுதுதவ எப்படி நல்லா இருப்பா? அம்மா ஜெயிச்சுட்டாளா?"

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கோமதி தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஏனென்றே தெரியாமல் சிரித்தார்கள்.

மூணு மணிக்கு நடுவர் காந்திமதிநாதன் முன்னால் இரண்டு அறிக்கைகளும் இருந்தன. இரண்டிலும் ஒரே அளவு. கையில் பேனாவைத் திறந்தபடியே வந்தவர் அதை மூடி வைத்தார். எபனேசர் நடந்ததைச் சொன்னார். நடுவர் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார்.

"ரெண்டு பேருக்கும் சமமா வந்தா, நடுவர் தம் அறிவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்னு போட்டிருக்கு. ஆறு வருஷமா அந்த வேலை எனக்கு வரல. மெஷின் சொல்லும், நான் கையெழுத்துப் போடுவேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஒண்ணு கேக்கேன். இதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"

அக்காளும் தங்கையும் இல்லை என்று தலையாட்டினார்கள்.

"திங்கக்கிழமை பிள்ளையோட வாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க. அந்தப் பாவத்தை என் தலையில கட்டாதீங்க" என்றார் நடுவர்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு உலகம்மை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது, இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். பையை நடுவில் வைத்துவிட்டு, வாங்கி வைத்திருந்த முறுக்கை எடுத்துக் கடித்தாள். செண்பகவல்லிதான் ஆரம்பித்தாள்.

"ஒன்னையத் தவிட்டுக்கு வாங்குனோம்னு சொல்லுவேம்லா?"

"எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் சொல்லுவாக. எங்க வகுப்புல பாதிப் பேரு தவிட்டுக்கு வாங்குனதுதான்."

"அதுக எல்லாம் கேலிக்கு. ஒனக்கு மட்டும் நெசம்."

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். உலகம்மை முறுக்கைக் கடிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று இருவரும் கவனிக்கவில்லை. சொல்லி முடித்ததும் பிள்ளை கோமதியை ஒரு பார்வை பார்த்தாள், நீளமாக. பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டுத் திருப்பிக் குடுத்த?"

"அது முறைம்மா. நான் வாங்குனேன், நான்தான் திருப்பணும்..."

"என்னைய நீ வாங்குனே, சித்தி குடுத்தா, மறுபடியும் நீ குடுத்தே. அது ஒங்க பாடு. எங்க அம்மாவ யாரு குடுத்தா? நான் குடுத்தேனா? எங்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

பிள்ளை யாருக்கு என்று காலையிலிருந்து பட்டை கட்டி அளந்தார்களே ஒழிய, அந்தப் பிள்ளைக்கு யார் யார் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மெஷினுக்குத் தோன்றவில்லை, சட்டத்துக்குத் தோன்றவில்லை. பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும்கூடத் தோன்றவில்லை. செண்பகவல்லிக்குத் துக்கமும் வந்தது, அதோடு கூடவே சொல்ல முடியாத ஒரு சந்தோஷமும் வந்தது.

உலகம்மை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை என்னையும் அந்த மெஷின்ல உக்கார வைங்க."

"சின்னப் பிள்ளைகளுக்கு வைக்க மாட்டாக பாப்பா" என்றாள் கோமதி. "சின்னப் பிள்ளைக நீங்கள்லாம் என் நிலா, என் மழைன்னு கண்ணுல பட்டதை எல்லாம் என்னோடதுன்னு சொல்லிருவீங்களாம். மெஷின் திணறிருமாம்."

"நான் எல்லாத்தையும் சொல்ல மாட்டேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள் உலகம்மை. "ரெண்டு பேரை மட்டும்தான் சொல்லுவேன்."